ஐந்து ஹெர்ட்ஸுக்குக் கீழே

ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்டர் பிளக்-இன்களின் டெமோ வீடியோக்களில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பு. ஒரு குரல் ஓடும். குமிழை 300 ஹெர்ட்ஸ் பக்கம் திருப்புவார்கள். குரல் தகரமாகி, ரோபோவாகி, வேற்றுக்கிரகத்திலிருந்து வருவதுபோல் ஆகும். பார்ப்பவர் மயங்கிப்போய் இறக்கிக்கொள்வார், அல்லது காசு கொடுத்து வாங்குவார். ஒரு பாட்டில் போடுவார், இன்னொரு பாட்டில் போடுவார், பிறகு அலுத்துப்போய் அந்தப் பிளக்-இன் பட்டியலில் எங்கோ அடியில் கிடக்கும்.

அலுப்பு ஒருபுறம் இருக்கட்டும். 300 ஹெர்ட்ஸில் வைத்துக் கேட்டால் இலவசமாகக் கிடைப்பதற்கும் விலைக்கு வாங்குவதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே சிரமம். கணக்கு ஒன்றுதான், எல்லோரும் அதை ஏறக்குறையச் சரியாகவே போடுகிறார்கள். ஆகவே எதை எடுக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குமிழை ஐந்து ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்குங்கள், ஃபீட்பேக்கை ஏற்றுங்கள், அப்போது கேளுங்கள். பிளக்-இன்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிவது அங்கேதான். எனக்கு இந்த எஃபெக்ட் தினசரி உபயோகப்படுவதும் அங்கேதான்.

பிட்ச் ஷிஃப்டரோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. பிட்ச் ஷிஃப்டர் பெருக்கும், இது கூட்டும். 220 ஹெர்ட்ஸில் ஒரு தந்தியை மீட்டினால் 440, 660, 880 என்று மேற்சுரங்களும் கூடவே எழும். பிட்ச் ஷிஃப்டரில் இதை ஒரு ஸ்தாயி ஏற்றினால் எல்லாம் இரட்டிப்பாகும்: 440, 880, 1320, 1760. ஒன்றுக்கொன்று இருந்த விகிதம் அப்படியே இருக்கும், காது அதை அதே தந்தி என்று ஒப்புக்கொள்ளும். ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்டரில் 50 ஹெர்ட்ஸ் ஏற்றினால் வருவது 270, 490, 710, 930. இந்த எண்களுக்குள் எளிய விகித உறவு எதுவும் இல்லை. இது என்ன சுரம் என்று காதுக்குப் பிடிபடாது. மணி, தகடு, உடைந்த வானொலி என்று ஏதேதோ நினைவுக்கு வரும்.

இதை ஒரே நிமிடத்தில் உணர வேண்டுமானால் மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலின் மேற்சுரங்கள் இயல்பாக முழு எண் மடங்குகளில் அமைவதில்லை. அதனால்தான் பல தோல் கருவிகளுக்குத் தெளிவான சுருதி கிடையாது. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் கரணைதான் அந்த மேற்சுரங்களை இழுத்து ஒழுங்கான மடங்குகளில் நிறுத்துகிறது. சி.வி.ராமன் 1920ல் தன் சக ஆய்வாளரோடு நேச்சர் இதழில் எழுதிய குறிப்பு இதைப் பற்றியதுதான். அப்படிப் பாடுபட்டு வரவழைத்த ஒழுங்கை ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்டர் ஒரே நொடியில் கலைத்துப்போடும். நல்ல நாதமுள்ள ஒரு மிருதங்க அடியை 40 ஹெர்ட்ஸ் தள்ளிப் பாருங்கள். கரணை உதிர்ந்த மேளம்போல ஒலிக்கும். சுருதி போய்விடும், அடியின் வேகமும் கூர்மையும் மட்டும் அப்படியே நிற்கும். ஒரு சினிமாக் காட்சிக்கு அடையாளம் தெரியாத தோல் கருவி வேண்டும் என்று யாராவது கேட்டால், சாம்பிள் லைப்ரரி தேடுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

ஷிஃப்டருக்குள் நடப்பது தொலைபேசிக்காரர்கள் கண்டுபிடித்தது. ஒரு ஒலியை ஒரு சைன் அலையால் பெருக்கினால் கூட்டலும் கழித்தலும் சேர்ந்தே வரும். 1000 ஹெர்ட்ஸை 100ஆல் பண்பேற்றினால் 1100, 900 இரண்டும் கிடைக்கும். ரிங் மாடுலேட்டர் அங்கேயே நின்றுவிடுகிறது. ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்டர் அந்த இரண்டு பக்கப்பட்டைகளில் ஒன்றை ரத்து செய்துவிட்டு மற்றதை மட்டும் வெளியே விடுகிறது. ஒரே கம்பியில் பல உரையாடல்களை அடுக்கி அனுப்புவதற்காக ஜான் கார்சன் 1915லேயே ஒற்றைப் பக்கப்பட்டை முறைக்குக் காப்புரிமை கோரிவிட்டார். ஹாம் ரேடியோ பழக்கமுள்ளவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகவே தெரியும். எஸ்எஸ்பி அலைவரிசையில் ட்யூனிங் கொஞ்சம் விலகினால் எதிர்முனைக்காரர் வாத்துக் குரலில் பேசுவாரே, அது சுத்தமான ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்டிங்.

இதை இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹாரல்ட் போடே. ஹாம்பர்கில் 1909ல் பிறந்தவர், 1954ல் அமெரிக்கா போனார். அவருடைய ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்டரை மூக் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்தது. அந்தக் காலத்தில் அது பல்கலைக்கழக ஸ்டூடியோக்களுக்கும் வசதியுள்ள சிலருக்கும் மட்டுமே எட்டிய பெட்டி. இன்று அதே கணக்கை லேப்டாப் கொசுறாகப் போடுகிறது.

ஒரு பக்கப்பட்டையை ரத்து செய்வது சொல்ல எளிது, செய்யக் கொஞ்சம் வில்லங்கம். உள்ளே வரும் ஒலிக்கு 90 பாகை விலகிய ஒரு நகல் வேண்டும், அதுவும் எல்லா அதிர்வெண்ணிலும் சரியாக 90. இதற்கு ஹில்பர்ட் உருமாற்றம் என்று பெயர். நடைமுறையில் இதை நூற்றுக்கு நூறு சரியாகச் செய்ய முடியாது, தோராயம்தான். ஆல்-பாஸ் ஃபில்டர்களை அடுக்கிச் செய்தால் தாமதம் ஏறக்குறைய இல்லை, ஆனால் ஒவ்வொரு அதிர்வெண்ணும் வெவ்வேறு அளவு கட்டம் மாறி வெளியே வரும். நீளமான எஃப்ஐஆர் ஃபில்டரால் செய்தால் கட்டம் ஒழுங்காக இருக்கும், ஆனால் தாமதம் கூடும்; மிக்ஸ் செய்யும்போது மென்பொருள் அதை ஈடுகட்டிவிடும், மேடையில் நேரடியாக வாசிக்கும்போது விரல் தடுமாறும். இரண்டு முறைகளுமே அடித்தட்டில்தான் முதலில் பிசகும். 40, 50 ஹெர்ட்ஸில் 90 பாகை கிடைப்பது கடினம். பிசகினால் கொல்லப்பட வேண்டிய பக்கப்பட்டை கொஞ்சம் கசியும்.

இந்தக் கசிவை நீங்களே பார்க்கலாம். ஒரு டிராக்கில் 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையைப் போடுங்கள், ஷிஃப்டரில் +100 வையுங்கள், பின்னால் ஸ்பெக்ட்ரம் அனலைஸர். 1100ல் ஒரு கோபுரம் நிற்க வேண்டும். 900லும் 1000லும் ஏதாவது தெரிந்தால் அது கசிவு. பிறகு சைன் அலையை 50க்கு இறக்கி அதையே செய்யுங்கள். அங்கே கசிவு கூடினால் அந்தப் பிளக்-இன்னைக் குப்பையில் போட வேண்டியதில்லை, பேஸ் டிராக்கிலிருந்து தள்ளி வைத்தால் போதும். கசிவுள்ள பழைய அனலாக் பெட்டிகளைத் தேடிப் போகிறவர்களும் உண்டு, கொஞ்சம் ரிங் மாடுலேட்டர் வாடை அடிப்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அது ருசி. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டால் சரி.

மேல்முனையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்டில் 18,000 ஹெர்ட்ஸை 5000 ஏற்றினால் 23,000 வர வேண்டும், ஆனால் அங்கே இடம் இல்லை. தடுப்பு ஏதும் இல்லாவிட்டால் அது மடிந்து 21,100ல் வந்து விழும். ஹை-ஹாட்டில் வரும் மணல் சத்தத்துக்குப் பல சமயம் இதுதான் காரணம். கீழ்ப்பக்கம் மடிவது வேறு கதை, அது சுவாரசியமானது. 100, 200, 300 உள்ள ஒலியை 250 இறக்கினால் கணக்குப்படி மைனஸ் 150, மைனஸ் 50, ப்ளஸ் 50. காதுக்கு மைனஸ் கிடையாது. 150, 50, 50 என்றே கேட்கும். அடியில் இருந்தது மேலே போய், வரிசை தலைகீழாகிறது. குரலை மெல்ல இறக்கிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் அது பூஜ்ஜியத்தைத் தாண்டித் திரும்ப ஏறுவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

இனி ஐந்து ஹெர்ட்ஸுக்குக் கீழே.

இந்தச் சின்ன எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. பெல் ஆய்வகத்தில் இருந்த மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1960களில் ஒரு யோசனை சொன்னார். மைக்குக்குள் போய் ஸ்பீக்கர் வழியே வந்து திரும்பவும் மைக்குக்குள் நுழையும் ஒலிதான் அரங்கில் ஊளையிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதை ஐந்து ஹெர்ட்ஸ் அளவுக்கு நகர்த்திவிட்டால் அதே அதிர்வெண் மறுபடி மறுபடி தன்மேல் ஏறிக்கொள்ள முடியாது, ஊளை தள்ளிப்போகும். பேச்சு ஐந்து ஹெர்ட்ஸ் நகர்வதைக் கேட்பவர்கள் கவனிப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் வாழ்த்துரைக்கு இது சரி, கச்சேரிக்குச் சரிவராது. 110 ஹெர்ட்ஸில் உள்ள ஆதார ஸட்ஜத்தை ஐந்து ஹெர்ட்ஸ் தள்ளினால் முக்கால் சுரஸ்தானத்துக்கும் மேலாக விலகிவிடும். அதே ஐந்து ஹெர்ட்ஸ் 2000 ஹெர்ட்ஸில் ஒரு சுரஸ்தானத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கூட்டும் கருவியின் குணம் இது, அடியில் ஆட்டம் காண்பிக்கும், உச்சியில் அடங்கி இருக்கும்.

ஆகவே இசையில் புழங்கும் எண்கள் இன்னும் சிறியவை: 0.2, 0.5, ஒன்று, இரண்டு. அதை அசல் ஒலியோடு கலக்க வேண்டும். 0.5 ஹெர்ட்ஸ் தள்ளிய ஒலியை அசலோடு சேர்த்தால் விம்மல் கேட்கும். தம்புரா சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்திகளுக்கு இடையே கேட்குமே, அதுதான். ஆனால் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. ஒரு தந்தியின் சுருதியைக் கொஞ்சம் கலைத்தால் அடிச்சுரம் நொடிக்கு அரைமுறை விம்மும், முதல் மேற்சுரம் ஒருமுறை, இரண்டாவது ஒன்றரை முறை என்று உயரே போகப்போக வேகம் கூடும். கோரஸ் எஃபெக்டின் மினுமினுப்பு அதிலிருந்து வருவது. ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்டரில் எல்லா மேற்சுரங்களும் ஒரே வேகத்தில், நொடிக்கு அரைமுறை, விம்மும். முழு ஒலியும் ஒன்றாக மூச்சு விடும். பேட், வீணை, நீண்ட ரிவெர்ப் எதில் போட்டாலும் இந்த மூச்சு கோரஸிலோ சாதாரண ஃபேஸரிலோ கிடைக்காதது.

இங்கேதான் பிளக்-இன்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. சிலவற்றில் அசலைக் கலந்ததும் மொத்த ஒலியும் ஏறி இறங்குகிறது, வெறும் டிரெமலோ. வேறு சிலவற்றில் ஒலிக்குள் பள்ளங்கள் மேல்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றன, முடிவில்லாமல் ஏறும் ஃபேஸர், 'பார்பர்-போல்' ஃபேஸர் என்பார்கள். குமிழில் அதே 0.5, மிக்ஸில் அதே 50 சதவீதம், பலன் வேறு. காரணம், முன்பு சொன்ன ஹில்பர்ட் வேலைதான். ஆல்-பாஸ் வழியே போன ஒலி அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் கட்டம் மாறி வருகிறது. அதைத் தொடாத அசலோடு கலந்தால் பள்ளங்கள் ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு நேரத்தில் விழும்: ஃபேஸர். அசலையும் அதே கட்ட மாற்றத்துக்கு உட்படுத்தி நேர்செய்துவிட்டுக் கலந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் விழும்: டிரெமலோ. பொறியாளர் கண்ணுக்கு இரண்டாவதுதான் ஒழுங்கான வேலை. என் காதுக்கு முதலாவது. டிரெமலோ வகை பிளக்-இன் கையில் இருந்தாலும் கவலை இல்லை, நகர்ந்த ஒலிக்கு மட்டும் சில மில்லிசெகண்ட் டிலே கொடுங்கள், பள்ளங்கள் திரும்ப வந்து ஏற ஆரம்பிக்கும், இந்த முறை ஃப்ளாஞ்சர் சாயலில். நகர்வை மைனஸ் ஆக்கினால் முடிவில்லாமல் இறங்கும்.

சரி, எதை எடுப்பது?

லாஜிக் ப்ரோவில் வேலை செய்பவர் எதையும் வாங்க வேண்டாம். ரிங்ஷிஃப்டர் உள்ளேயே இருக்கிறது, பலர் அதைத் திறந்து பார்த்ததுகூட இல்லை. அதில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சின்ன பொத்தான், லின், எக்ஸ்ப் என்று இரண்டு நிலை. லின்னில் குமிழ் முழுக்க ஒரே சீராக நகரும். எக்ஸ்ப்பில் பூஜ்ஜியத்துக்கு அருகே மிக மிக மெதுவாக நகரும், 0.3க்கும் 0.4க்கும் நடுவே நின்று யோசிக்க இடம் இருக்கும். இதை வடிவமைத்தவருக்கு இந்த எஃபெக்ட் எங்கே உயிரோடிருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. டூயல் நிலையில் ஒரு பக்கம் ஏறும், மறு பக்கம் இறங்கும். வாத்தியத்தின் அழுத்தத்தைப் பின்தொடரும் என்வலப் ஃபாலோவர், எல்எஃப்ஓ, டிலே, ஃபீட்பேக் எல்லாம் உண்டு. ஃபீட்பேக்கை உயர்த்தி டிலேயைப் பத்து மில்லிசெகண்டுக்குக் கீழே வைத்தால் சீப்பு ஃபில்டர் சத்தம். டிலேயை நீட்டினால் ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட ஒரு படி ஏறிக்கொண்டே போகும். முகப்பு கொஞ்சம் நெரிசலாக, பழைய காலத்ததாக இருக்கிறது. பழகினால் தெரியாது.

ஏபிள்டன் லைவ் ஆட்களுக்கு ஷிஃப்டர். பழைய ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்டருக்குப் பதிலாக லைவ் 11.1ல் வந்தது. பிட்ச், ஃப்ரீக்வென்ஸி, ரிங் என்று மூன்று நிலைகள் ஒரே டிவைஸில். கோர்ஸ், ஃபைன் என்று இரண்டு குமிழ்கள் தனித்தனியே இருப்பதால் சிறிய எண்களைப் பிடிப்பது சுலபம். கூடவே டிலேயும் சேர்ந்துகொண்டதால் பழையதில் தனி டிலேயைச் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்த வேலை மிச்சம். மிடி கீபோர்டால் நகர்வை ஓட்டலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. டிரம் லூப்பின்மேல் போட்டு விரலால் வாசித்தால் லூப் ஒரு வாத்தியமாகிவிடும்; ரிங் நிலையில் இன்னும் நன்றாக வருகிறது. மூன்று வேலைகளை ஒன்றில் அடைத்ததில் ஒரு சங்கடம் என்னவென்றால், புதிதாக வருகிறவர்கள் பிட்ச் நிலையில் திறந்து, இதுதான் ஷிஃப்டர் என்று நினைத்து மூடிவிடுகிறார்கள்.

இவை இரண்டும் இல்லாதவர்கள் முதலில் இறக்க வேண்டியது வல்ஹாலா ஃப்ரீக்எக்கோ. இலவசம். ஷான் காஸ்டெல்லோவின் வல்ஹாலா டிஎஸ்பி ரிவெர்ப்களுக்குப் பேர் போனது. இந்தச் சின்ன பிளக்-இன் அவர்களுடைய ரிவெர்ப்களைவிட எனக்கு அதிகமாகக் கைகொடுத்திருக்கிறது. ஷிஃப்ட், டிலே, ஃபீட்பேக், லோ கட், ஹை கட், மிக்ஸ். அவ்வளவுதான், ஆனால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. ஷிஃப்டர் எதிரொலிச் சுற்றுக்குள்ளேயே இருப்பதால் +3 வைத்தால் 440 முதல் எதிரொலியில் 443, அடுத்ததில் 446, அதற்கடுத்து 449 என்று நழுவிக்கொண்டே போகும். முதல் ஒன்றிரண்டு எதிரொலிகளில் காது இதைச் சுருதி பேதமாக எடுத்துக்கொள்ளாது. வால் நீளும்போதுதான் ஏதோ உருகுகிறது என்று தெரியும். பாடகரின் கடைசி சொல்லில் மட்டும் ஆட்டோமேஷனால் இதைத் திறந்துவிட்டால், ரிவெர்ப் வாலைவிடப் பல மடங்கு அழகான ஒரு கரைவு கிடைக்கும். ஃபீட்பேக்கை ஏற்றிக்கொண்டே போனால் டப் ரெக்கே இசையில் வரும் கட்டுக்கடங்காத எதிரொலி, ஆனால் ஒரே சுரத்தில் ஊளையிடாது, ஏறியோ இறங்கியோ ஓடிவிடும். ஷ்ரோடரின் மண்டப வைத்தியம் இங்கே இசையாகிறது.

ஒரு எச்சரிக்கை. ஃபீட்பேக்கை நூறு சதவீதத்துக்கு அருகில் வைத்து விளையாடும்போது பின்னால் ஒரு லிமிட்டர் போட்டுவிடுங்கள். ஹெட்ஃபோனில் வேலை செய்பவர்களுக்கு இது கட்டாயம். ஊளை வராது என்றுதான் சொன்னேன், சத்தம் ஏறாது என்று சொல்லவில்லை.

ஃப்ரீக்எக்கோவில் எனக்குப் போதாமல் போவது பண்பேற்றம்தான். நகர்வை எல்எஃப்ஓவால் ஆட்ட வேண்டும், அடியின் வேகத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்றால் அந்தந்த மென்பொருளின் ஆட்டோமேஷனை நம்ப வேண்டும். அந்த இடத்தில் கிலோஹார்ட்ஸின் ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்டர் வருகிறது. கிலோஹார்ட்ஸ் எஸென்ஷியல்ஸ் தொகுப்பில் உள்ள ஒன்று. தனியாகத் திறந்தால் ஒரே ஒரு குமிழ், பார்க்கவே ஏழ்மையாக இருக்கும். அதைத் தனியாகப் பார்ப்பதே தவறு. ஸ்னாப் ஹீப், மல்டிபாஸ், ஃபேஸ் ப்ளான்ட் இவற்றுக்குள் ஒரு செங்கல்லாக வைக்கவே அது செய்யப்பட்டது. மல்டிபாஸில் ஒலியை அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து 200 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை மட்டும் நகர்த்தலாம். கிக், பேஸ் இவற்றுக்கு இதுதான் வழி. 50 ஹெர்ட்ஸ் கிக்கை 20 தள்ளினால் அது 70ல் போய் நிற்கும், பாட்டின் அஸ்திவாரமே நகர்ந்துவிடும். மேலே உள்ள அடிச் சத்தத்தை மட்டும் தள்ளினால் அஸ்திவாரம் அப்படியே இருக்க, அடியின் நிறம் மாறும்.

மெல்டாவின் எம்ஃப்ரீக்ஷிஃப்டர் இலவசத் தொகுப்பில் கிடைக்கிறது, அதன் மல்டிபேண்ட் அண்ணனுக்குக் காசு. மெல்டாவின் முகப்புகள் எனக்கு எப்போதும் அரசு அலுவலகப் படிவத்தை நிரப்புவதுபோல் இருக்கும், ஆனால் தோண்டுகிறவர்களுக்கு அங்கே எல்லாம் உண்டு. சர்ஜ் எக்ஸ்டி திறந்த மூல சிந்தஸைஸர். 2018ல் அதன் மூல நிரல் பொதுவில் விடப்பட்டது. அதன் எஃபெக்டுகள் தனி பிளக்-இன்னாகவும் வருகின்றன, அவற்றில் ஒரு ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்டர் டிலேயும் ஃபீட்பேக்கும் சேர்த்து இருக்கிறது. இடம், வலம் இரண்டுக்கும் தனி நகர்வு. லினக்ஸில் வேலை செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பிட்விக் வைத்திருப்பவர்களுக்கு ஷிஃப்டர் டிவைஸ் ஒன்று கூடவே வருகிறது, அந்த மென்பொருளின் மாடுலேட்டர்களை அதன்மேல் ஏற்றினால் வேறு எதுவும் தேவைப்படாது.

காசு கொடுத்து வாங்குபவற்றில் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் க்ரஷ் பேக்கில் உள்ள ஃப்ரீக், அன்ஃபில்டர்ட் ஆடியோவின் ஃபால்ட் இரண்டையும் சொல்லலாம். ஃப்ரீக் ரிங் மாடுலேஷன் பக்கம் சாய்ந்தது, அழுக்கும் முரடுமாக ஒரு சிந்த் வரிக்கு நன்றாகப் பொருந்தும். ஃபால்ட் பிட்ச் ஷிஃப்ட், ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்ட், டிலே மூன்றையும் ஒன்றாக முறுக்கிவைத்தது. விபத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு விருந்து, ஒரு குறிப்பிட்ட சத்தத்தைத் தேடிப் போகிறவருக்குச் சுற்றுவழி. இரண்டும் நல்லவையே. ஆனால் ஷிஃப்டர் ஒன்று வேண்டும் என்பதற்காக மட்டும் இவற்றை வாங்காதீர்கள். அந்த வேலையை மேலே உள்ள இலவசங்கள் செய்துவிடும்.

கையால் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ப்யூர் டேட்டாவில் ஹில்பர்ட் என்ற ஆப்ஜெக்ட்டும், மேக்ஸில் ஃப்ரீக்ஷிஃப்ட் என்ற ஆப்ஜெக்ட்டும் தயாராக இருக்கின்றன. ப்யூர் டேட்டா இலவசம். ஒரு மாலையில் கட்டிவிடலாம், கட்டினால் மேலே சொன்ன டிரெமலோ, ஃபேஸர் வேறுபாட்டை ஒரே ஒரு கம்பியை மாற்றிச் செருகிக் கேட்கலாம். விளக்கம் படிப்பதைவிட அது மேல்.

எந்தப் பிளக்-இன்னாக இருந்தாலும் இடது ஏற, வலது இறங்க வைக்கும் வசதியைத் தொடும்போது மட்டும் மோனோ பொத்தானை அழுத்திப் பார்த்துவிடுங்கள். ரிங்ஷிஃப்டரின் டூயல், ஏபிள்டன் ஷிஃப்டரின் வைட் பொத்தான், சர்ஜின் இடம்-வலம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒலி தலையைச் சுற்றி விரிந்து கிடக்கும், அற்புதமாக இருக்கும். ஆனால் +0.5ஐயும் மைனஸ் 0.5ஐயும் ஒன்றாகக் கூட்டினால் கிடைப்பது மறுபடியும் ரிங் மாடுலேஷன்தான், அதாவது நொடிக்கு ஒருமுறை முழுதாக மௌனமாகும் ஒலி. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள விலை குறைந்த போனிலும், கோயில் திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கியிலும் உங்கள் பேட் நொடிக்கு நொடி செத்துப் பிழைக்கும். நூறு சதவீதமும் நகர்ந்த ஒலியாக வைக்காமல் அசலையும் போதுமான அளவு கலந்து வைத்தால் இந்தப் பள்ளம் பாதாளம் வரை போகாது. அல்லது ஒரு பக்கம் மட்டும் நகர்த்தி மறுபக்கத்தை அசையாமல் விடலாம். கலந்த பிறகு விம்மல் வரும், ஆனால் வேகம் பாதியாகும்.

ஸ்நேர், கைத்தட்டல் போன்றவற்றுக்கு ஐந்து ஹெர்ட்ஸ் விதியை மீறலாம். இவற்றில் சுருதி என்று கெடுவதற்கு அதிகம் எதுவும் இல்லை, மைனஸ் 30, மைனஸ் 60 என்று இறக்கினால் அடியின் கூர்மை மழுங்காமல் நிறம் மட்டும் கறுக்கும். பிட்ச் ஷிஃப்டரில் இதைச் செய்தால் அடியின் முனை பிசுபிசுத்துப்போகும் ஆபத்து உண்டு, இதில் இல்லை. ஹை-ஹாட்டை 200 வரைகூடத் தள்ளிப் பாருங்கள், ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப ஒலிக்கும் இயந்திரத்தனத்தை ஒவ்வொரு அடிக்கும் சற்றே வெவ்வேறு நகர்வு கொடுத்து உடைக்கலாம்.

என் டெம்ப்ளேட்டில் இப்போது இரண்டு இடத்தில் ஷிஃப்டர் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. ரிவெர்ப் சானலின் பின்னால் ஒன்று: +0.4, மிக்ஸ் பாதிக்கும் கீழே, 250க்குக் கீழே கட். இன்னொன்று ஃப்ரீக்எக்கோ, தனி சென்டில், மைனஸ் 2, டிலே பாட்டின் கால் தாளத்துக்கு, ஃபீட்பேக் அறுபதை ஒட்டி, ஹை கட் நன்றாக இறக்கி. குரல் டிராக்குகளிலிருந்து இந்த சென்ட் முழுதாக மூடியே இருக்கும். வரியின் கடைசி அசைக்கு மட்டும் திறப்பேன்.